இணையதளத் தலைப்பு: வாசகர் முடிவெடுக்க உதவும்படி எழுதுவது எப்படி

தளத்துக்கு வருவோர் எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் கட்டுரைகளைத் திறப்போர் சிலரே. திறந்தவர்களும் பதிவுப் பொத்தானை அழுத்தாமலே போய்விடுகிறார்கள். தலைப்புகளையும், பொத்தான், அறிவிப்பு, விளக்கவரி போன்ற இடங்களில் வரும் சிறு வாசகங்களையும் ஈர்ப்புள்ளவையாக எழுத என்ன வழி என்பது உங்கள் கேள்வி. பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் தமக்கு உதவுமா உதவாதா என்பதை வாசகர் சில நொடிகளுக்குள் சரியாக முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டிய தகவலைத் தருவதே தலைப்பின் வேலை. பொத்தானுக்கும் பிழைச்செய்திக்கும் இதுவே பொருந்தும். இந்த வேலையைச் செம்மையாகச் செய்தால் ஈர்ப்பு தானாக வந்து சேரும். அதைத் தனியே தேடிச் சேர்க்க முயலும்போதுதான் பெரும்பாலான தலைப்புகள் கெட்டுப்போகின்றன.

திரையில் எப்படிப் படிக்கிறார்கள்

1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் செய்த ஆய்வில், கலந்துகொண்டோரில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கம் எதையும் மேலோட்டமாக நோட்டமிட்டார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே. அந்த ஆய்வின் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒரே தளத்தின் உள்ளடக்கத்தைப் பல வடிவங்களில் எழுதிச் சோதித்தபோது, சொற்களைப் பாதியாகக் குறைத்த வடிவம் பயன்பாட்டு எளிமையில் 58 விழுக்காடும், துணைத்தலைப்புகளும் பட்டியலும் கொண்ட வடிவம் 47 விழுக்காடும், பெருமைபேசும் சொற்களை நீக்கி நடுநிலையாக எழுதிய வடிவம் 27 விழுக்காடும் மேம்பட்டன. மூன்றையும் சேர்த்துச் செய்த வடிவம் 124 விழுக்காடு மேம்பட்டது. இவற்றில் 27 என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நீளத்தைக் குறைக்காமல், அமைப்பையும் மாற்றாமல், மிகைமொழியை மட்டும் அகற்றியதால் கிடைத்த பயன் அது. ‘ஈடு இணையற்ற’, ‘உலகத்தரம் வாய்ந்த’ போன்ற அடைமொழிகளைக் காணும் வாசகர், அவற்றுக்குள் உண்மை எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைப் பலர் செய்வதில்லை, விலகிப் போய்விடுகிறார்கள்.

2006இல் 232 பேரின் கண்ணசைவுகளைப் பதிவுசெய்த நீல்சன் குழுவினரின் மற்றோர் ஆய்வு, வாசகரின் பார்வை பக்கத்தின் மேற்பகுதியில் கிடையாக ஓடி, சற்றுக் கீழே இறங்கி மீண்டும் குறுகலாக ஓடி, பிறகு இடது ஓரமாகவே இறங்கிச் செல்வதைக் காட்டியது. 2009இல் செய்த சோதனை ஒன்றில், இணைப்பு வரிகளின் முதல் 11 எழுத்துகளை மட்டும் காட்டி, அந்த இணைப்பின் பின்னால் என்ன இருக்கும் என்று பங்கேற்பாளர்களைக் கேட்டார்கள். பட்டியலில் வரும் ஒரு வரிக்கு வாசகர் செலவிடும் கவனம் பெரும்பாலும் முதல் இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது என்பதால்தான் அப்படிச் சோதித்தார்கள். தமிழும் இடமிருந்து வலமாக எழுதப்படுவதால் இந்தப் பழக்கத்தை நாமும் எதிர்பார்க்கலாம். ஆனால் தமிழின் வாக்கிய அமைப்பு வேறு. எனவே இதற்கான தீர்வை ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்த் தலைப்பின் முதல் இரண்டு சொற்கள்

தமிழில் அடைத்தொடர்கள் பெயருக்கு முன்னால் வருகின்றன. வினை இறுதியில் நிற்கிறது. இயல்பான ஓட்டத்தில் எழுதிக்கொண்டே போனால் செய்தியின் உயிர் கடைசியில் போய் நின்றுவிடும். ‘பயனர்கள் அனைவரின் வசதியைக் கருத்தில்கொண்டு புதிதாக அறிமுகப்படுத்தப்பட்டுள்ள கடவுச்சொல் மீட்பு முறை’ என்ற தலைப்பைப் பாருங்கள். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் தவிக்கும் ஒருவர் பட்டியலை நோட்டமிடும்போது, அவர் தேடும் சொல் ஏழாவது இடத்தில் இருக்கிறது. கைபேசித் திரையில் அதற்கு முன்பே வரி வெட்டப்பட்டிருக்கவும் கூடும். ‘கடவுச்சொல்லை மீட்க இனி மின்னஞ்சல் தேவையில்லை’ என்று மாற்றினால் அவர் தேடும் சொல் முதலிலேயே கண்ணில் படுகிறது. அதோடு, முதல் வடிவில் இல்லாத ஒரு தகவலும் சேர்ந்திருக்கிறது: புதிய முறையில் புதியது என்ன என்பது. நீளமான தலைப்புகள் பலவற்றில் இப்படித்தான் சொற்கள் நிறைந்திருந்தும் செய்தி விடுபட்டுப் போயிருக்கும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் தமிழில் உண்டு. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டியே வருவதால், உருபேற்ற பெயரை முன்னால் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் பொருள் குலைவதில்லை. வாசகர் தேடக்கூடிய பெயர்ச்சொல் எது என்று முதலில் தீர்மானித்து, அதை உருபோடு சேர்த்து முன்னே வைத்துவிட்டு, மீதி வாக்கியத்தை அதற்கேற்ப அமைப்பது நான் பெரிதும் பின்பற்றும் முறை. பெயர்ச்சொல்லை எழுதி முக்காற்புள்ளி இட்டு விளக்கத்தைத் தொடர்வது மற்றொரு முறை. இந்தப் பதிலின் தலைப்பே அப்படி அமைந்ததுதான். ஆனால் ஒரு பட்டியலில் எல்லாத் தலைப்புகளும் முக்காற்புள்ளியோடு நின்றால் எதுவும் தனித்துத் தெரியாது. எனவே அதை அளவோடு கையாள வேண்டும்.

செயப்பாட்டு வினையைப் பற்றியும் ஒரு சொல். ‘மேற்கொள்ளப்பட்டுள்ளது’, ‘வெளியிடப்பட்டுள்ளது’, ‘அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது’ போன்ற முற்றுகள் தலைப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு, யார் செய்தார்கள் என்பதையும் மறைத்துவிடுகின்றன. செய்தவரை எழுவாயாக்கினால் வரி சுருங்கும்; பொறுப்பும் தெளிவாகும். இதற்கு எதிர்த்திசையில், செய்தித்தாள் பழக்கத்தால் வினையை அறவே விட்டுவிடுவோரும் உண்டு. ‘தள நிர்வாகம் மாற்றம்’ என்று எழுதினால் நிர்வாகம் மாறிவிட்டதா, நிர்வாகம் எதையோ மாற்றியிருக்கிறதா என்பது புரிவதில்லை. அச்சிட்ட தாளில் தலைப்பின் கீழேயே செய்தி இருக்கும். ஐயம் உடனே தீர்ந்துவிடும். இணையத்திலோ தலைப்பு தேடல் முடிவிலும், பிறர் பகிர்ந்த வரியிலும், கைபேசி அறிவிப்பிலும் தனியாகவே அலைகிறது. தன்னந்தனியாக நின்றாலும் பொருள் தருகிறதா என்பதை ஒவ்வொரு தலைப்புக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நீளம் எவ்வளவு இருக்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2009இல் நீல்சன் பிபிசி செய்தித் தளத்தின் தலைப்புகளை மிகவும் பாராட்டி எழுதியபோது, அவை சராசரியாக 5 சொற்களும் 34 எழுத்துகளும் கொண்டவை என்று கணக்கிட்டிருந்தார். 1974இல் பிபிசி தொடங்கிய சீஃபாக்ஸ் என்ற தொலைக்காட்சி எழுத்துச் சேவையின் இடநெருக்கடியில் பழகிய கைகளுக்கு அந்தச் சுருக்கத்தில் பங்கு உண்டு. பிரித்தானிய அரசின் பொதுத்தளமான கவ் டாட் யூகே, பக்கத் தலைப்புகளை 65 எழுத்துகளுக்குள்ளும் சுருக்கவரிகளை 160 எழுத்துகளுக்குள்ளும் எழுதச் சொல்கிறது. இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. தமிழில் ஐந்து சொற்கள் ஆங்கிலத்தின் எட்டு, ஒன்பது சொற்களின் பொருளைத் தாங்கும். ஆனால் எழுத்துகள் அகலமானவை. மேலும், கணினி எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. ‘கற்போம்’ என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு அது ஏழு. இத்தனையாவது குறியீட்டோடு வெட்டு என்று எழுதப்பட்ட நிரல், ‘பால்’ என்ற சொல்லில் புள்ளியை மட்டும் உதிர்த்துவிட்டு ‘பால’ என்று காட்டிவிடக்கூடும். உங்கள் தளத்தின் பட்டியலில் தலைப்புகள் இப்படி ஒடிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்குமானால், முழு எழுத்துகளாகப் பிரித்து வெட்டும்படி நிரலரிடம் சொல்லுங்கள். நீளத்தை அளக்க நான் பரிந்துரைக்கும் வழி, சிறிய கைபேசித் திரையில் தலைப்பை ஏற்றிப் பார்ப்பதுதான். இரண்டு வரிகளுக்குள் அடங்கி, முதல் வரி மட்டும் தெரிந்தாலும் பொருள் விளங்கினால் போதுமானது.

ஆவலைத் தூண்டுவதன் எல்லை

தலைப்பு எழுதுவோரிடம் மிகுதியாகப் பேசப்படும் உத்தி, தகவலில் ஓர் இடைவெளியை விட்டு ஆவலைக் கிளப்புவது. 1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அறிஞர், தமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே ஒரு பள்ளம் இருப்பதை மனிதர் உணரும்போது ஆவல் பிறக்கிறது என்று விளக்கினார். அதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு: பள்ளத்தை உணரவே ஓரளவு முன்னறிவு வேண்டும். எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியாத இடத்தில் ஆவல் எழுவதில்லை. ‘இதைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா?’ என்ற தலைப்பு வாசகருக்கு எதையும் தரவில்லை. அவர் சொடுக்கினால், அது ஏமாற்றத்துக்கான தொடக்கமாகவே முடிகிறது. ‘காப்புப்படி எடுத்திருந்தும் கோப்புகளை இழந்தவர்கள் தவறவிட்ட ஒரு சோதனை’ என்ற தலைப்பு பொருளையும் ஆளையும் விளைவையும் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் நிறுத்திவைக்கிறது. அந்த ஒன்று பக்கத்தின் முதல் பத்திகளிலேயே கிடைத்துவிடுமானால் இந்த உத்தியில் பிழையில்லை.

முதல் வகைத் தலைப்புகள் சொடுக்குகளைப் பெற்றுத்தரும் என்பதை மறுக்க மாட்டேன். 2012இல் தொடங்கிய அப்வொர்த்தி தளம் ஒவ்வொரு கட்டுரைக்கும் இருபத்தைந்து தலைப்புகள் வரை எழுதச் செய்து, அவற்றில் சிலவற்றை வாசகரிடமே சோதித்துப் பெயர் பெற்றது. அந்தச் சோதனைத் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடும்போது சொடுக்கு விகிதம் (தலைப்பைப் பார்த்தவர்களில் சொடுக்கியோரின் பங்கு) 2.3 விழுக்காடு உயர்கிறது என்று கண்டது. இதைப் படித்துவிட்டுத் தலைப்புகளில் அச்சமும் பேரிழப்பும் நிரப்பத் தொடங்குவோரைப் பார்க்கிறேன். அவர்கள் கவனிக்காதது என்னவென்றால், அந்த எண் சொடுக்கை மட்டுமே அளக்கிறது. சொடுக்கியவர் படித்தாரா, திரும்ப வந்தாரா, பிறருக்குச் சொன்னாரா என்பதை அளக்கவில்லை. 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் நிறுவனம் தூண்டில் தலைப்புகளைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தபோது, இணைப்பைச் சொடுக்கியவர் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வருகிறார் என்பதையும் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. உடனே திரும்பி வந்தால் உள்ளே எதிர்பார்த்தது இல்லை என்று பொருள். அதே அறிவிப்பில், தங்கள் தொடக்கக் கருத்தாய்வில் 80 விழுக்காடு தருணங்களில் மக்கள் விரும்பியது, முழுக் கட்டுரையைப் படிக்கலாமா என்று சொடுக்குவதற்கு முன்பே முடிவு செய்ய உதவும் தலைப்புகளையே என்றும் கூறியது.

இன்னொன்றும் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் செல்வோர் எந்தத் தளத்திலும் மிகப் பலர். அவர்களுக்குத் தலைப்பே முழுச் செய்தி. படித்தவர்கள்கூடத் தலைப்பின் பிடியிலிருந்து முற்றிலும் விடுபடுவதில்லை. உளவியலாளர் உல்ரிச் எக்கரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பொய் என்று சொல்ல முடியாத ஆனால் திசைதிருப்புகின்ற தலைப்பு, கட்டுரையை முழுதாகப் படித்தவர்களின் நினைவையும் முடிவுகளையும்கூடச் சாய்த்துவிடுவதைக் காட்டியது. ஆகவே ‘உள்ளே சரியாக விளக்கியிருக்கிறோமே’ என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுரையில் ‘சில சூழல்களில்’ என்று இருப்பதைத் தலைப்பில் ‘எப்போதும்’ ஆக்குவது, ஆசிரியரே தம் கட்டுரைக்குச் செய்யும் துரோகம்.

கேள்வித் தலைப்புகளைப் பொறுத்தவரை, கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்று விடை சொல்லிவிடலாம் என இயன் பெட்டரிட்ஜ் என்ற இதழாளர் 2009இல் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆசிரியருக்கு உறுதி இல்லாத செய்தியைக் கேள்வியாக்கி வெளியிடும் வழக்கத்துக்கு அது பொருந்தும். வாசகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கேள்வியை அவருடைய சொற்களிலேயே எழுதி, பக்கத்தில் விடையும் தந்தால் அதில் குற்றமில்லை. எண்களைத் தலைப்பில் இடுவதும் அப்படித்தான். ‘ஒளிப்படங்களைப் பாதுகாக்கச் சில வழிகள்’ என்பதைவிட ‘கைபேசி தொலைந்தாலும் ஒளிப்படங்கள் தொலையாமலிருக்க மூன்று ஏற்பாடுகள்’ என்பது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நன்மையில் எண்ணுக்கு உள்ள பங்கு சிறிது, கைபேசி தொலையும் சூழலைச் சொன்னதற்கு உள்ள பங்கே பெரிது. வாசகர் தம் வாழ்க்கையின் ஒரு தருணத்தைத் தலைப்பில் அடையாளம் காணும்போதுதான் அது தமக்கு உரியது என்று உணர்கிறார்.

முகப்புப் பக்கத்தின் பெருந்தலைப்பு தனி வகை. அங்கே வரும் ஒருவருக்கு இந்தத் தளம் என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். ‘கனவுகளுக்குச் சிறகு தருவோம்’ என்பது போன்ற வரியைப் பள்ளி, வங்கி, பயண நிறுவனம், மென்பொருள் நிறுவனம் என யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் முகப்பு வரியை உங்கள் போட்டியாளரின் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது உங்களுடைய வரி அல்ல. அறிமுகமில்லாத ஒருவருக்குப் பக்கத்தை ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு, ‘இது எதற்கான தளம்?’ என்று கேட்கும் எளிய சோதனையையும் செய்யலாம். விடை தடுமாறினால் வரியை மாற்ற வேண்டும்.

பொத்தான், படிவம், பிழைச்செய்தி

ஒரு பொத்தானின் சொல் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய நிகழ்வு நல்ல சான்று. அவர் பெயர் குறிப்பிடாத ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பணம் செலுத்தும் முன் ‘பதிவு செய்’ என்ற பொத்தானைச் சந்தித்தார்கள். வாங்க வந்த இடத்தில் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்களே என்று பலர் எரிச்சலுற்று விலகினார்கள். அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, ‘தொடர்க’ என்ற பொத்தானையும், வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்ற எளிய விளக்கத்தையும் வைத்தபோது, வாங்கியவர் எண்ணிக்கை 45 விழுக்காடு கூடியது; முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் வருவாய் வந்தது. மாறியது சொல் மட்டுமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டாயப் பதிவும் உண்மையிலேயே நீக்கப்பட்டது. செயல்முறையில் உள்ள கோளாற்றைச் சொல்லால் மூடி மறைக்க முடியாது. கோளாற்றை நீக்கிய பிறகு, அது நீங்கிவிட்டதை வாசகருக்குத் தெரிவிக்கும் வேலையைச் சொல் செய்கிறது.

உங்கள் தளத்தில் பதிவுப் பொத்தானை யாரும் அழுத்துவதில்லை என்றீர்கள். அழுத்தினால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்தப் பொத்தானிலிருந்தோ அதன் அருகிலுள்ள வரியிலிருந்தோ தெரிகிறதா? பணம் கேட்பார்களா, தொலைபேசி எண் கேட்பார்களா, நாள்தோறும் மின்னஞ்சல் வருமா, வேண்டாம் என்றால் விலக முடியுமா என்பவை வாசகரின் மனத்தில் ஓடும் கேள்விகள். ‘வாரம் ஒரு மடல் வரும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரி, பொத்தானின் நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் கிடைக்காத நம்பிக்கையைத் தரும். 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் ஒபாமாவின் பரப்புரைத் தளம் பொத்தான்களையும் படங்களையும் காணொளிகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்து 24 சேர்க்கைகளைச் சோதித்தபோது, ‘பதிவு செய்க’ என்ற பொருளுடைய பொத்தானை முந்திக்கொண்டு ‘மேலும் அறிக’ என்ற பொருளுடைய பொத்தான் வென்றது. வேறொரு படத்தோடு சேர்ந்து, பதிவு விகிதத்தை 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 விழுக்காட்டுக்கு அது உயர்த்தியது. முன்பின் அறியாத இடத்தில் முதலிலேயே உறுதிமொழி கேட்பதைவிட, அறிந்துகொள்ள அழைப்பது வாசகருக்கு இலகுவாக இருந்திருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதே சொல் எல்லாத் தளத்திலும் வெல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழில் பொத்தான் எழுதும்போது வரும் ஓயாத விவாதம் ‘அனுப்பு’, ‘அனுப்புக’, ‘அனுப்பவும்’, ‘அனுப்புங்கள்’ ஆகியவற்றில் எது சரி என்பது. ‘அனுப்பு’ மரியாதைக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். நான் இதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். பொத்தானை அழுத்தும்போது பேசுபவர் வாசகர், கேட்பது கருவி; ‘இதை அனுப்பு’ என்று வாசகர் கருவிக்கு ஆணையிடுகிறார். ஆகவே பொத்தானில் ஏவல் வினை தகும், குறுகலாகவும் இருக்கும். படிவத்தின் விளக்கவரியிலோ தளம் வாசகரிடம் பேசுகிறது. அங்கே ‘உங்கள் பெயரை எழுதுங்கள்’ என்ற மரியாதை வடிவம்தான் முறை. இந்த வேறுபாட்டை ஏற்காதவர்கள் எங்கும் ‘-க’ ஈற்றையே பயன்படுத்தலாம். அதிலும் தவறில்லை. ஒரு பக்கத்தில் ‘சேமி’, அடுத்ததில் ‘சேமிக்கவும்’, மூன்றாவதில் ‘சேமியுங்கள்’ என்று கலந்து வைப்பதுதான் தவறு. வெவ்வேறு சொல்லைக் காணும் வாசகர் வெவ்வேறு செயல் என்றே எண்ணுவார்.

‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்பு வரியைத் தயவுசெய்து கைவிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தனிப்பட்டியலாக வாசித்துக்காட்டும். ‘இங்கே’, ‘இங்கே’, ‘மேலும்’ என்று அடுக்கிக் கேட்கும் ஒருவருக்கு எது எங்கே கொண்டுசெல்லும் என்று தெரியாது. 2008இல் வெளியான இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ சூழலிலிருந்தோ புரிய வேண்டும் என்று விதிக்கிறது. ‘விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்கு’ என்று எழுதினால் எல்லோருக்கும் பயன்.

பிழைச்செய்திகள் யாரும் மனமூன்றி எழுதாத வாசகங்கள். பெரும்பாலும் நிரலர் அவசரத்தில் இட்டது அப்படியே தங்கிவிடும். ஆனால் வாசகர் மிகுந்த பதற்றத்தோடு, ஒரு சொல் விடாமல் படிக்கும் வாசகமும் அதுதான். ‘தவறான உள்ளீடு’ என்பது அவரைக் குற்றம்சாட்டுகிறதே தவிர வழி சொல்லவில்லை. ‘பிறந்த ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுங்கள், எடுத்துக்காட்டு: 1985’ என்று எழுதினால் அவர் திருத்திக்கொண்டு மேலே செல்வார். பிழை உங்கள் பக்கத்தில் என்றால் அதை ஒப்புக்கொண்டு, அவர் எழுதியவை பத்திரமாக இருக்கின்றனவா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் அறிய விரும்புவது வேறெதுவுமில்லை. படிவக் கட்டத்துக்குள் மங்கலாக எழுதிவைக்கும் குறிப்பு, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும் என்பதால், முக்கியமான அறிவுறுத்தலைக் கட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

தேடல் முடிவில் தெரியும் வரிகளும் சோதனையும்

தேடல் முடிவுப் பட்டியலில் தெரியும் தலைப்பு நீங்கள் எழுதியதாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் கூகுள் நடைமுறைப்படுத்தும் முறையில், பக்கத்தின் தலைப்புக் குறிச்சொல் (பக்கத்தின் நிரலில் தேடுபொறிக்கும் உலாவிக்கும் தரப்படும் தலைப்பு) வெறுமையாகவோ, காலாவதியானதாகவோ, எல்லாப் பக்கங்களுக்கும் ஒன்றுபோலவோ, மிக நீண்டதாகவோ இருந்தால், பக்கத்திலுள்ள பெருந்தலைப்பு முதலிய பகுதிகளிலிருந்து வேறொரு தலைப்பை அது உருவாக்கிக்கொள்ளும். தலைப்புக் குறிச்சொல்லும் பக்கத்தில் தெரியும் பெருந்தலைப்பும் ஒரே பொருளைச் சொன்னால் இந்தத் தலையீடு குறையும். தளத்தின் பெயரைக் கடைசியில் சேருங்கள். முதலில் வைத்தால் எல்லாப் பக்கங்களின் முதற்சொல்லும் ஒன்றாகிவிடும். தலைப்பின் கீழே வரும் விளக்கவரி தரவரிசையைப் பாதிப்பதில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது. பல வேளைகளில் அதற்குப் பதிலாகப் பக்கத்தின் உள்ளிருந்தே வேறு வரிகளை எடுத்துக் காட்டவும் செய்கிறது. இருந்தும், தலைப்பில் சொல்ல இடமில்லாமற்போன ஒரு பயனுள்ள விவரத்தை அங்கே சொல்வது வீண்போகாது. தலைப்பையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வதற்கு அந்த இடத்தைச் செலவிட வேண்டாம்.

இரண்டு தலைப்புகளை வாசகரிடமே சோதித்துப் பார்க்கும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் அதற்கு வேண்டிய கூட்டம் எவ்வளவு என்பதை அவர்கள் சொல்வதில்லை. உங்கள் பொத்தானை இப்போது நூற்றுக்கு 2 பேர் அழுத்துகிறார்கள், புதிய வாசகம் அதை 2.4 ஆக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான புள்ளியியல் அளவுகோல்களின்படி அந்த வேறுபாட்டை நம்பகமாகக் கண்டறிய ஒவ்வொரு வடிவத்தையும் 20,000க்கும் மேற்பட்டோர் பார்க்க வேண்டும். அவ்வளவு பேர் வராத தளத்தில் சில நூறு பார்வைகளை வைத்து வெற்றி தோல்வி அறிவிப்பது, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. சிறிய தளங்களுக்கு ஐந்தாறு பேரை அருகில் உட்கார வைத்து, தலைப்பை மட்டும் காட்டி ‘உள்ளே என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்பது மிகுந்த பயன் தரும். அவர்கள் எதிர்பார்ப்பதும் பக்கத்தில் இருப்பதும் எங்கே பிரிகின்றன என்பது உடனே தெரிந்துவிடும். அந்தப் பிரிவுக்குக் காரணமான சொல் எது என்பதையும் பெரும்பாலும் அவர்களே காட்டிவிடுவார்கள்.

எழுதும் வேலையைக் கட்டுரை முடிந்த பிறகு கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். கட்டுரை எழுதத் தொடங்கும்போதே ஒரு தலைப்பை எழுதி வைத்துக்கொண்டு, முடித்த பின் குறைந்தது பத்து மாற்றுகளை எழுதுங்கள். முதல் சிலவற்றில் பழகிப்போன தேய்ந்த தொடர்கள் வந்து தீர்ந்துபோகும்; அதற்குப் பிறகே கட்டுரைக்குள் இருக்கும் உண்மையான விவரங்கள் மேலே வரத் தொடங்கும். பத்தும் சப்பென்று இருந்தால் குறை பெரும்பாலும் தலைப்பில் இருக்காது. கட்டுரைக்குச் சொல்வதற்கென்று ஒரு செய்தி இல்லாமல் இருக்கலாம். அப்போது திருத்த வேண்டியது கட்டுரையை.

உங்கள் தளத்தில் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் கருவியைத் திறந்து, தேடல் முடிவுகளில் பலமுறை காட்டப்பட்டும் குறைவாகவே சொடுக்கப்பட்ட பத்துப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் வாசகர்கள் என்னென்ன சொற்களைத் தட்டச்சு செய்து அங்கே வந்தார்கள் என்ற பட்டியலும் அதிலேயே கிடைக்கும். அந்தச் சொற்கள் உங்கள் தலைப்பில் இருக்கின்றனவா, இருந்தால் தொடக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் ‘தரவுப் பேணல்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் அவர்கள் ‘படங்கள் அழிந்துவிட்டன’ என்று தேடியிருக்கக்கூடும். அவர்களுடைய சொற்களை எடுத்து அந்தப் பத்துத் தலைப்புகளையும் திருத்தி, திருத்திய தேதியைக் குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்து அதே பக்கங்களின் சொடுக்கு விகிதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் பக்கத்தின் இடம் ஏறினாலோ இறங்கினாலோ சொடுக்கும் மாறும் என்பதால், சராசரி இடம் ஏறத்தாழ அப்படியே இருக்கும் பக்கங்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.